வாதாபிக்கு ஆக்லாந்து விசா

1920 டிசம்பரில் ஆர்தர் கோனன் டாயில் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்தார். ஷெர்லாக் ஹோம்ஸைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று ஆசையோடு போனவர்களுக்கு ஆவிகள்தான் கிடைத்தன. செத்தவர்கள் நிஜத்தில் சாகவில்லை, முறையாகக் கூப்பிட்டால் வருவார்கள், சமயத்தில் போட்டோவுக்கும் நிற்பார்கள் என்று பிரசங்கம். அதே டிசம்பர் இதழில் லண்டனின் ஸ்ட்ராண்ட் பத்திரிகை அவருடைய ஒரு கட்டுரையை வெளியிட்டிருந்தது. யார்க்‌ஷயரின் காட்டிங்லி கிராமத்தில் இரண்டு சிறுமிகள் ஓடைக்கரையில் எடுத்த தேவதைப் படங்கள் உண்மையானவை என்பது அதன் சாரம். தேவதைகள் அட்டையில் வெட்டியவை; தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தியவை. உலகத்தின் மிகச் சிறந்த துப்பறிவாளனைப் படைத்தவர் கண்ணில் ஊசி படவில்லை.

ஆனால் இதே மனிதர் முப்பது வருஷம் முன்னால், ஐரோப்பாவே வாயைப் பிளந்து நின்ற ஒரு விஷயத்தில் ஏமாறாமல் நின்றிருக்கிறார். ஆக்லாந்து மேடையில் அந்தக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆவிகளைவிட அது சுவாரசியமானது. அதில் வருகிற வில்லனும் கண்ணுக்குத் தெரியாதவன்தான். ஆனால் நிஜமாகவே இருக்கிறவன்.

1890இல் ராபர்ட் காக் கிட்டத்தட்டக் கடவுள். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் எழுந்து நின்று, காசநோய் பரம்பரைச் சாபமும் இல்லை, கவிஞர்களுக்கு வரும் சோகமும் இல்லை, ஒரு கிருமியின் வேலை என்று நிரூபித்தவர். கிருமியைக் கண்டுபிடித்தவர் மருந்தையும் கண்டுபிடித்துவிட்டேன் என்றால் யார் குறுக்குக் கேள்வி கேட்பது? ஆகஸ்டில் அறிவித்தார், நவம்பரில் கட்டுரை எழுதினார். மருந்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. தெளிவான பழுப்பு நிறத் திரவம், அவ்வளவுதான் தகவல். நம்மூர் லேகிய வைத்தியர்கள்கூட இரண்டு மூலிகைப் பெயராவது சொல்வார்கள்.

எலும்புருக்கி நோயாளிகள் ரயில் ரயிலாக பெர்லினுக்குக் கிளம்பினார்கள். கூடவே டாயிலும். அப்போது அவர் போர்ட்ஸ்மத் பக்கம் சவுத்ஸீயில் பெரிதாகக் கூட்டமில்லாத டாக்டர். முக்கியமான செயல்விளக்கத்துக்கு நுழைவுச் சீட்டு கிடைக்கவில்லை. பேராசிரியர் பெர்க்மன் வாசலிலேயே விரட்டிவிட்டார். உள்ளே போய்வந்த ஓர் அமெரிக்க டாக்டரிடம் குறிப்புகளை இரவல் வாங்கிப் படித்தார். மறுநாள் வார்டுகளைச் சுற்றிப் பார்த்தார். ஊசி போட்ட இடங்களில் எல்லாம் நோய் கொதித்துக்கொண்டிருந்ததே தவிர, கிருமி செத்த அடையாளம் இல்லை. மருந்து இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது, அவசரப்பட்டுவிட்டார்கள் என்று டெய்லி டெலிகிராஃபுக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பினார். சில வாரங்களில் நோயியல் நிபுணர் விர்ஷோ பிணங்களை அறுத்துப் பார்த்துவிட்டு அதையே சொன்னார்: நோய் அடங்கவில்லை, பரவியிருக்கிறது. 1891 ஜனவரியில் காக் ஒருவழியாக வாய் திறந்தார். மருந்து என்பது காசக்கிருமிகளைக் கிளிசரினில் இறக்கிய சாறு. அதற்குப் பெயர் டியூபர்குலின். சொல்லிவிட்டு எகிப்துக்கு ஓய்வெடுக்கப் போய்விட்டார்.

காக் அந்த ஊசியை முதலில் போட்டுப் பார்த்தது தன் கையிலேயே. குளிர், காய்ச்சல், வாந்தி. பிறகு பதினெட்டு வயதுக் காதலி ஹெட்விக்குக்கும் போட்டார். ரொம்ப உடம்புக்கு முடியாமல் போகலாம், செத்துவிட மாட்டாய் என்று ஆறுதல் சொன்னாராம். இதற்குப் பிறகும் அந்தப் பெண் அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்பதை மருத்துவ வரலாற்றின் தீராத புதிர்களில் ஒன்றாகச் சேர்க்கலாம்.

ஆனால் அந்தக் காய்ச்சலைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். முன்னால் காசக்கிருமியைச் சந்தித்திராத உடம்பு டியூபர்குலினுக்கு அப்படித் துள்ளாது. துள்ளியது என்றால், காக்கின் உடம்பில் அந்தக் கிருமி அநேகமாக ஏற்கெனவே குடியேறியிருந்தது, அவருடைய அணுக்களுக்கு அதன் முகம் ஞாபகம் இருந்தது. உலகத்துக்கே கிருமியைக் காட்டிக்கொடுத்தவர் தன் நெஞ்சுக்குள்ளேயே ஒன்றை வைத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் தேடியிருக்கிறார். அது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. புரியவைக்கக்கூடிய ஒரே ஆள் ஒரு ரஷ்யர். அவரைக் காக்குக்குப் பிடிக்காது.

எலி மெட்ச்னிகாஃப் வாழ்க்கையில் காசநோய் முதலில் வந்தது மாமியார் வீட்டிலிருந்து. 1869இல் அவர் கட்டிய லுட்மில்லா, நடக்க முடியாமல் நாற்காலியில் வைத்துத் தேவாலயத்துக்குத் தூக்கிவரப்பட்ட மணமகள். 1873இல் மடீரா தீவில் காசத்தில் இறந்துபோனாள். மெட்ச்னிகாஃப் மார்ஃபியாவை எடுத்து விழுங்கினார். அளவு மிஞ்சிப்போனதால் வாந்தியாகி உயிர் தங்கிவிட்டது. நோயெதிர்ப்பியல் என்ற துறையே அந்த வாந்தியால் பிழைத்தது.

1882 இறுதியில் சிசிலியின் மெஸ்ஸினாவில் குடும்பம் குரங்கு வித்தை பார்க்க சர்க்கஸுக்குப் போக, இவர் மட்டும் வீட்டில் உட்கார்ந்து நட்சத்திர மீன் குஞ்சின் கண்ணாடி உடம்புக்குள் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நகரும் அணுக்களின் கூட்டம். இவை உடம்பின் காவல் படை, வந்தவனைத் தின்றுவிடும் என்று அறிவித்தார். அன்றைய பெரிய மருத்துவர்கள் சிரித்தார்கள். வெள்ளணு கிருமியைக் கொல்வதாவது, அது கிருமியை உள்ளே ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கும் வாகனம் அல்லவா என்பது அவர்கள் சித்தாந்தம். மெட்ச்னிகாஃப் தன் ஸ்லைடுகளைக் காக்கிடம் எடுத்துக்கொண்டு போனபோது, கிருமி அணுவுக்குள் இருந்தால் என்ன, வெளியே இருந்தால் என்ன, நான் சுகாதாரக்காரன் என்கிற பாவனையில் காக் பதில் சொன்னார்.

உள்ளேயா வெளியேயா. காசநோயின் முழுக்கதையும் அந்த ஒரு கேள்விதான்.

தமிழ் வீடுகளில் குழந்தைக்குப் பால் கொடுத்து, வயிற்றைத் தடவி, வாதாபி ஜீரணோ பவ என்று சொல்வார்கள். இல்வலன், வாதாபி என்று இரண்டு அசுரர்கள். வாதாபி ஆடாக மாறுவான். அண்ணன் அவனைக் குழம்பு வைத்து விருந்தாளிக்குப் பரிமாறுவான். சாப்பிட்டு முடித்ததும், வாதாபி வெளியே வா என்று ஒரு குரல். விருந்தாளியின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு தம்பி வருவான். இந்த வித்தை எடுபடாமல் போனது அகத்தியரிடம் மட்டும்தான். அவர் குரலுக்கு முந்திக்கொண்டு ஜீரணம் செய்துவிட்டார்.

காசக்கிருமி அச்சு அசல் வாதாபி. இருமலில் தெறிக்கும் நுண்துளியில் ஏறி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அங்கே ரோந்து போகும் பெருவிழுங்கி என்கிற வெள்ளணு அதைக் கண்டதும் வாயைத் திறக்கும். மற்ற கிருமிகள் இந்த இடத்தில் தப்பி ஓடப் பார்க்கும். இது உள்ளே போக வரிசையில் நிற்கும்.

வழக்கமான சமையல் முறை இது: விழுங்கிய கிருமி ஒரு சவ்வுப் பைக்குள் அடைபடும். அமிலமும் நொதியும் நிரம்பிய லைசோசோம்கள் அந்தப் பையோடு இணைந்து உள்ளே கொட்டும். கதை முடிந்தது. காசக்கிருமி இருக்கும் பையில் மட்டும் இணைப்பு நடப்பதில்லை. அமிலம் ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. கிருமியின் மேல் மைக்கோலிக் அமிலத்தால் ஆன மெழுகுப் போர்வை வேறு. விழுங்கியவனின் இரும்புச் சத்தையும் கொழுப்பையும் சாப்பிட்டுக்கொண்டு இருபது மணி நேரத்துக்கு ஒருதரம், எந்த அவசரமும் இல்லாமல், இரண்டாகப் பிரியும். நம் குடல் கிருமியான ஈ.கோலை, வசதியான சூழலில், இதைச் செய்ய இருபது நிமிஷம் எடுத்துக்கொள்ளும். வாதாபிக்கு நேரம் நிறைய இருக்கிறது.

லைசோசோம் இணைவதில்லை என்பதை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம்பிடித்து 1971இல் வெளியிட்டவர்கள் லண்டனின் ஆம்ஸ்ட்ராங்கும் டார்ஸி ஹார்ட்டும். டார்ஸி ஹார்ட் அப்போது பணி ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் ஆன மனிதர். 106 வயது வரை இருந்தார். காசக்கிருமியோடு பொறுமையில் போட்டி போடத் தகுதியான ஒரே விஞ்ஞானி.

அப்படியானால் அகத்தியர் யார்? பெருவிழுங்கியேதான். ஆனால் மந்திரம் அதற்குத் தானாகத் தெரியாது. டி செல் என்று இன்னொரு வெள்ளணு பக்கத்தில் வந்து காதில் ஓத வேண்டும். அந்த மந்திரத்தின் பெயர் இன்டர்ஃபெரான் காமா. அதுதான் பெருவிழுங்கியை உசுப்புகிறது என்று 1983இல் கார்ல் நேதன் குழு காட்டியது. ஓதியதும் மந்தமாக உட்கார்ந்திருந்த பெருவிழுங்கிக்கு உக்கிரம் வரும், அமிலம் ஏறும், நச்சு வாயுக்கள் கிளம்பும். சிக்கல் என்னவென்றால், டி செல் பக்கத்து அறையில் இல்லை. நிணநீர் முடிச்சில் இருக்கிறது. அதற்குத் தகவல் போய், அது படை திரட்டி, நுரையீரலுக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். நம் அரசாங்க அலுவலகங்களைக் குறை சொல்பவர்கள் ஒருதரம் தங்கள் நெஞ்சுக்குள்ளும் எட்டிப் பார்க்கலாம்.

வந்த டி செல்கள் எதையும் சுலபத்தில் மறப்பதில்லை. காக் போட்டுக்கொண்ட சாறு எழுப்பியது இந்த ஞாபகத்தைத்தான். மருந்தாகப் படுதோல்வி அடைந்த டியூபர்குலினை, 1907இல் பிர்கே என்ற டாக்டரும் 1908இல் மாந்தூ என்பவரும் தோலில் துளியூண்டு போட்டு, வீங்குகிறதா பார் என்று பரிசோதனையாக மாற்றிவிட்டார்கள். இன்றும் கையில் ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். ஒரு மனிதரின் அவமானம் நூறு வருஷத்துக்கு மேல் மருத்துவமனைகளில் ஊழியம் செய்துகொண்டிருக்கிறது.

தொற்று வாங்கியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வருகிறது. மற்றவர்கள் வயிற்றில் வாதாபி ஜீரணமும் ஆகாமல், வெளியேயும் வராமல் உட்கார்ந்திருக்கிறான். உலக மக்களில் கால்வாசிப் பேர் இப்படி என்கிறது மதிப்பீடு. பெருவிழுங்கிகள் கூடிப் பிணைந்து, சுற்றிலும் டி செல்கள் வேலி கட்டி, கிரானுலோமா என்கிற முடிச்சுக்குள் அவனை அடைத்து வைக்கின்றன. உடம்பு கட்டிய சிறைச்சாலை என்று ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2009இல் லலிதா ராமகிருஷ்ணனும் அவருடைய மாணவரும் அந்தப் பெருமையில் கல்லைப் போட்டார்கள். (அதே வருஷம் நோபல் வாங்கிய, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் லலிதாவின் அண்ணன். அந்த வீட்டில் சாப்பாட்டு மேசைப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பசி போய்விடும்.) வரிக்குதிரை மீன் குஞ்சு கண்ணாடி மாதிரி உடம்புக்காரன். காசக்கிருமியின் பங்காளியான மீன் கிருமியை அதற்குள் செலுத்திப் பார்த்தார்கள். கிருமி உள்ளிருந்தே ஆள் அனுப்பிப் புதிய பெருவிழுங்கிகளை வரவழைக்கிறது. வந்தவை செத்துக்கொண்டிருக்கும் பழைய பெருவிழுங்கியைத் தின்கின்றன. கூடவே கிருமியையும். வெடித்த விருந்தாளியைச் சாப்பிட அடுத்த விருந்தாளி இலை போட்டு உட்காருகிறார். சிறைச்சாலை என்று நினைத்தது, ஆரம்ப நாட்களில், பந்தி. அதில் சில பெருவிழுங்கிகள் கிருமியைச் சுமந்துகொண்டு வேறு இடத்துக்கும் கிளம்புகின்றன. மெட்ச்னிகாஃபைப் பார்த்துச் சிரித்த அந்தப் பழைய மருத்துவர்கள் சொன்ன வாகனக் கதை, பாதி உண்மை. தாடி வைத்த அந்த மனிதர் இருந்திருந்தால் தாடியைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

ஆக்லாந்துக்குத் திரும்புவோம். டாயிலுக்குப் பதிமூன்று வருஷம் பின்னால், 1934 மார்ச்சில், பெர்னார்ட் ஷா கப்பலில் வந்து இறங்கினார். வயது எழுபத்தேழு. டாக்டர்கள் என்றால் ஆகாது, தடுப்பூசி என்றால் இன்னும் ஆகாது. ஆனால் பெருவிழுங்கியை மேடை ஏற்றிய முதல் நாடக ஆசிரியர் அவர்தான் என்று சொன்னால் தப்பில்லை. 1906இல் வந்த அவருடைய ‘டாக்டர்ஸ் டைலமா’ நாடகத்தில் ஒரு பெரிய டாக்டர் எந்த நோய்க்கும் வெள்ளணுக்களைத் தூண்டிவிடு என்று ஒரே பல்லவியைப் பாடுவார். நாடகத்தின் நாயக டாக்டருக்கு மாதிரி ஆல்ம்ரோத் ரைட். ரத்தத்தில் ஆப்சோனின் என்று ஒரு பொருள் இருக்கிறது, அது கிருமிமேல் படிந்தால் வெள்ளணுக்கள் ஆசையாகத் தின்னும், அதைக் கூட்டினால் காசம் தீரும் என்பது ரைட்டின் கொள்கை. ஆப்சோனின் உண்மைதான், இன்றும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் காசக்கிருமிக்கு எதிராக அதைப் பிரயோகிப்பது வாதாபிக்கு நெய் ஊற்றித் தாளித்துப் பரிமாறுவதுதான். இல்வலனே இதைவிட நன்றாக யோசித்திருக்க மாட்டான். ஷா ரைட்டைக் கேலி செய்தார். ஆனால் கேலி எங்கே சரியாக விழுந்தது என்பது ஷாவுக்கும் தெரியாது.

டாயில் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? பெர்லினில் காக்கின் ஓட்டையைக் கண்டுபிடித்த மூன்றே வருஷத்தில், 1893இல், அவர் மனைவி லூயிசாவுக்குக் காசம் என்று தெரியவந்தது. டாக்டர் வீட்டிலேயே. 1906இல் இறந்துபோனாள்.

இவர்களுக்கெல்லாம் முந்தி இந்தத் தீவுகளுக்கு வந்தது வாதாபிதான். 1777இல் கேப்டன் குக்கின் மூன்றாம் பயணத்தில் நியூசிலாந்தில் கரையிறங்கியவர்களில், இரண்டாம் கப்பலின் தலைவர் சார்லஸ் கிளார்க்கும் கப்பல் டாக்டர் வில்லியம் ஆண்டர்சனும் காச நோயாளிகள். கிளார்க் அதைச் சம்பாதித்தது லண்டன் கடன்காரர் சிறையில், அண்ணனுடைய கடனுக்கு ஜாமீன் நின்று. ஜாமீன் கையெழுத்துப் போடாதே என்று நம்மூரில் பெரியவர்கள் சொல்வதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. இருவரும் பயணத்திலேயே இறந்தார்கள். அவர்கள்தான் கொண்டுவந்து இறக்கினார்கள் என்று யாரும் கையைக் காட்ட முடியாது. ஆனால் மாவோரி, பசிபிக் மக்களிடையே சுற்றிவந்த ஒரு கிருமி வம்சத்தின் மரபணுவைப் பின்தொடர்ந்த 2019 ஆய்வு, ஐரோப்பியர்களின் கடல் வணிகத்தோடு அது வந்த தடத்தைக் காட்டுகிறது. 1840இல் மாவோரிகளின் டாமக்கி மக்கௌராவில் ஆக்லாந்து என்று ஊர் கட்டியவர்கள், நிலத்தை வாங்கிக்கொண்டு நெரிசலைக் கொடுத்துவிட்டு, மாவோரிகளுக்கு இருமல் அதிகம், இனத்தின் பலவீனம் என்று குறிப்பு எழுதினார்கள். டி செல்லுக்கு இனம் தெரியாது. பத்துப் பேர் ஒரே அறையில் தூங்கினால் என்ன ஆகும் என்பது வாதாபிக்குத் தெரியும்.

இன்னொரு வந்தேறி பாஸம் என்கிற விலங்கு. ரோமத் தோலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து 19ஆம் நூற்றாண்டில் காட்டில் விட்டார்கள். மாட்டுக் காசம் அதைத் தொற்றிக்கொண்டது. பாஸத்தின் அணுக்களுக்கு முடிச்சுக் கட்டும் வித்தை சரியாக வராது. சில மாதங்களில் கதை முடியும், அதற்குள் மாடுகளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஆக்லாந்தின் கிரீன் லேன் மருத்துவமனையில் 1940களில் டக்ளஸ் ராப் காச நோயாளிகளின் நெஞ்சைத் திறந்தார். விலா எலும்புகளை எடுத்து நுரையீரலைச் சுருங்க வைத்தால் கிருமிக்கு மூச்சு முட்டும் என்பது அக்காலத்துக் கணக்கு. முட்டும், ஆனால் சாகாது, தூங்கும். பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்து நோயாளிகளைப் பறித்துக்கொண்டன. நெஞ்சைத் திறக்கத் தெரிந்த கைகள் சும்மா இருக்குமா, இதயத்துக்குப் போயின. 1958இல் பிரையன் பாரட்-பாய்ஸ் அங்கே திறந்த இதய அறுவை செய்தார். ஆக்லாந்து இதய சிகிச்சையின் உலகப் புகழுக்கு முன்பணம் கட்டியது காசக்கிருமி. யாரும் பலகையில் பெயர் பொறிக்கவில்லை.

இன்று ஆக்லாந்து நீச்சல் குளத்தில் நம்மவரை அடையாளம் காண இடது தோளைப் பார்த்தால் போதும். பிசிஜி என்கிற காசத் தடுப்பூசியின் தழும்பு. நடுத்தர வயது உள்ளூர்க்காரர்களிடமும் பார்க்கலாம். தென் தீவில் 1963இலேயே பள்ளிக்கூடத் தடுப்பூசியை நிறுத்தினார்கள், வட தீவில் 1990 வரை போட்டார்கள். இந்தத் தடுப்பூசிக் கிருமி கால்மெட்டும் கேரனும் 1908 முதல் 1921 வரை, மாட்டுப் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கில் இருநூறு தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்துச் சாதுவாக்கியது. வளர்ப்பில் அது ஒரு மரபணுத் துண்டைத் தொலைத்துவிட்டது. பெருவிழுங்கியின் பையில் ஓட்டை போடவும், பந்திக்கு ஆள் கூப்பிடவும் பயன்படும் துண்டு அது. பல் பிடுங்கிய வாதாபி. குழந்தைகளை மூளைக் காசத்திலிருந்து காப்பாற்றுகிறது. பெரியவர்களின் நுரையீரலை? அதைப் பார்க்க நம் செங்கல்பட்டில்தான் 1968இல், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, உலகின் மிகப் பெரிய பிசிஜி ஆய்வைத் தொடங்கினார்கள். பல வருஷம் காத்திருந்து கிடைத்த விடை: பாதுகாப்பு இல்லை. உலகமே அதிர்ந்தது. செங்கல்பட்டு வழக்கம்போல ரயிலுக்குக் காத்திருந்தது.

ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் ஆய்வு மையத்தில் வில்லியம் டென்னியும் சகாக்களும் காசத்துக்கு மருந்துகள் செதுக்கியிருக்கிறார்கள். கிருமியின் ஆற்றல் இயந்திரத்தையே நிறுத்தும் பெடாக்குலின் மருந்தின் அடுத்த தலைமுறை, டிபிஏஜே-876, அங்கே பிறந்தது. மந்திரம் ஓத ஆளில்லாவிட்டாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவனின் அடுப்பை அணைத்துவிடும் உத்தி.

ஆறு மாதத்துக்கு மேல் தங்க நம் ஊர்களிலிருந்து நியூசிலாந்து போகிறவர் நெஞ்சுப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். படத்தில் முடிச்சு தெரிந்தால் தலைவலி. தூங்கும் கிருமியைத் தேடுவதற்கு மாந்தூ ஊசியை நம்ப முடியாது, பிசிஜி தழும்புக்காரர்களுக்கும் கை வீங்கித் தொலைக்கும். அதனால் ரத்தப் பரிசோதனை. பிசிஜி தொலைத்த அந்த மரபணுத் துண்டின் புரதங்களை ரத்தத்தில் சேர்த்து, நம் டி செல்கள் மந்திரத்தை முணுமுணுக்கின்றனவா, அதாவது இன்டர்ஃபெரான் காமா ஊறுகிறதா, என்று அளக்கிறார்கள். காக் இருந்திருந்தால் அநேகமாகப் பாஸிட்டிவ். இந்த யோசனையை ஆஸ்திரேலியாவில் 1980களில் முதலில் உருவாக்கியது மாடுகளுக்காக. மனிதர்களுக்கு அப்புறம்தான் வந்தது. பால் விற்றுப் பிழைக்கும் நியூசிலாந்தில் மாட்டுக்கு அடுத்த வரிசையில் நிறுத்தியதற்காக யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.